முன்பணம் கட்டிய பிறகுதான் டாக்டரின் பெயரைத் தேடினேன்

போன வாரம்தான், ஓர் அறுவைசிகிச்சைக்காக நான் கட்டிய 1,000 சிங்கப்பூர் வெள்ளி முன்பணத்தில் 600 வெள்ளி திரும்பி வந்தது. மீதி 400 வெள்ளியை நிர்வாகக் கட்டணம் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். பணம் போனதில் வருத்தம்தான். ஆனால் இன்னும் ஒன்பது நாள் எதையும் கேட்காமல் இருந்திருந்தால் நான் அந்த அறையில் மயக்க மருந்தோடு படுத்திருப்பேன் என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போய் இந்த மாதிரி சிகிச்சை செய்துகொள்ள யோசிக்கிற பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள், வெளியே பேசுவதில்லை, அவ்வளவுதான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எனக்கு 44 வயது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து போய்விட்டது, தோல் தொங்கிவிட்டது, குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு வலி. இரண்டு வருஷம் பிசியோதெரபிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். டம்மி டக் என்கிற வயிற்று அறுவைசிகிச்சை செய்யலாம் என்று முடிவெடுத்தது அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் 19,000 வெள்ளி சொன்னார்கள். அழகுக்காகச் செய்கிற சிகிச்சை என்று வந்துவிட்டால் மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கை வைக்க முடியாது. அப்போதுதான் தோழி ஒருத்தி மூலம் இங்கேயே இருக்கிற ஒரு முகவரின் எண் கிடைத்தது. ஜோகூர் பாருவில், எல்லாம் சேர்த்து 7,000 வெள்ளி.

அந்த முகவர் நல்ல தமிழில் பேசினார், வாய்க்கு வாய் அக்கா என்றார். கிளினிக் சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழ்களைப் படம் எடுத்து அனுப்பினார். மலேசிய அரசு முத்திரை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது. பேநவ் என்கிற வங்கிப் பரிமாற்றம் மூலம் பணம் அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வந்தது கிளினிக்கின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர். அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

பிடித்து நிறுத்தியது என் அண்ணி. அவர் இங்கே 20 வருஷத்துக்கு மேல் தாதியாக வேலை பார்ப்பவர். “டாக்டர் பேரு என்னம்மா?” என்று கேட்டார். சொன்னேன். “முழுப் பேரு?” தெரியவில்லை. “பதிவு எண்?” அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூரில் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயரைப் போட்டால் அவர் எந்தத் துறை நிபுணர் என்பது வரை வந்துவிடும். மலேசியாவுக்கும் அதேபோல மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேடு இருக்கிறது, மெரிட்ஸ் என்று பெயர், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம், காசு கிடையாது. நிபுணர்களுக்கு அது போக தேசிய நிபுணர் பதிவேடு என்று தனியாக ஒன்று உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும் என்றார் அண்ணி.

சரி என்று உட்கார்ந்தால், பெயரிலேயே முட்டிக்கொண்டது. கிளினிக் விளம்பரத்தில் டாக்டருக்கு இரண்டெழுத்துப் பெயர், செல்லப்பெயர் மாதிரி. பதிவேட்டில் அப்பா பெயரோடு, நடுவில் அனாக் லெலாக்கி (மலாயில் ‘மகன்’) என்பதன் சுருக்கத்தோடு முழுப்பெயர்தான் இருக்கும். சின்னப் பெயரைப் போட்டால் பக்கம் பக்கமாக வருகிறது, யார் நம் ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகவரிடம் முழுப்பெயர் கேட்டேன். “அது டாக்டரோட பர்சனல் விவரம் அக்கா, கொடுக்க மாட்டாங்க” என்று பதில் வந்தது. என் வயிற்றைக் கிழிக்கப் போகிறவரின் பெயர் எனக்குச் சொல்லக்கூடாத விவரமா? கிளினிக்குக்கே போன் செய்தேன். முன்மேசையில் இருந்த பெண், டாக்டரைப் பார்க்க வரும்போது கேட்டுக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிராஞ்சியில் 170ஆம் எண் பஸ் ஏறினேன். ஜூன் பள்ளி விடுமுறை. என்ன நினைத்துக்கொண்டு போனேனோ தெரியவில்லை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை, கடற்பாலத்தில் நெரிசல், அந்தப் பக்கம் மறுபடி வரிசை, போய்ச் சேர இரண்டே முக்கால் மணி நேரம். கடைவரிசையில் மாடியில் கிளினிக். டாக்டர் இல்லை. அவர் கோலாலம்பூரிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவைதான் வருவாராம். சனிக்கிழமை வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன், அப்போதும் யாரும் இதைச் சொல்லவில்லை. அறுவைசிகிச்சை அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன், கிருமி உள்ளே போய்விடும் என்று மறுத்துவிட்டார்கள், அது நியாயமான பதில்தான், ஆனால் வெளியிலிருந்துகூடக் காட்டவில்லை. அழுகை முட்டியது. ஆனாலும் சுவரில் மாட்டியிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பரவாயில்லை.

திரும்பும் வரிசையில் நிற்கும்போது அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் படித்தேன். அரசு முத்திரை இருந்தது, போலி இல்லை, உண்மையான பதிவுச் சான்றிதழ். ஆனால் அது தனியார் மருத்துவ கிளினிக் என்று பதிவு செய்ததற்கான சான்றிதழ், பொறுப்பாளர் என்று அதில் இருந்த பெயர் வேறு ஒரு டாக்டருடையது. மலேசியாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரண கிளினிக்குக்குப் பதிவு இருந்தால் போதும். மருத்துவமனைக்கும், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிற பகல்நேர அறுவைசிகிச்சை மையத்துக்கும் சுகாதார அமைச்சிடமிருந்து உரிமம் வேண்டும், அது வேறு காகிதம், வேறு சோதனை. நான் எடுத்த பதினோரு படத்தில் அந்த உரிமம் எதிலும் இல்லை. இருமலுக்கு மருந்து கொடுக்கிற இடத்துக்கு உள்ள அதே சான்றிதழைக் காட்டித்தான் எனக்கு மூன்று மணி நேர அறுவைசிகிச்சை பேசியிருக்கிறார்கள்.

இன்னொரு படத்தில் ஒரு டிப்ளோமா. அதில்தான் டாக்டரின் முழுப்பெயர் இருந்தது! மெரிட்ஸில் போட்டேன், வந்துவிட்டது. உண்மையான டாக்டர்தான், அந்த வருஷத்துக்கான தொழில்புரியும் சான்றிதழும் இருந்தது. அங்கே அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், எந்த வருஷத்துக்கு இருக்கிறது என்பதையும் கவனிக்கணும். ஐந்து நிமிஷம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் அதே பக்கத்தில் கீழே பார்த்தேன். எந்த இடத்தில் வேலை செய்கிறார் என்றும் அதில் போடுவார்கள். கோலாலம்பூரில் ஒரு கிளினிக் மட்டும்தான் இருந்தது. ஜோகூர் பாரு கிளினிக் இல்லவே இல்லை.

தேசிய நிபுணர் பதிவேட்டிலும் அவர் இல்லை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவோம் இல்லையா, அதனால் ஆறு விதமாக எழுத்துகளை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுவார்கள், அல்லது நல்ல டாக்டரைத் தவறாகச் சந்தேகப்படுவார்கள். பெயரைப் போடுவதைவிட பிளாஸ்டிக் சர்ஜரி என்று துறையைத் தேர்ந்தெடுத்து, வருகிற பட்டியலை முழுவதும் படித்துவிடுங்கள். நீளமான பட்டியல் இல்லை. நான் முழுதும் படித்தேன், அவர் இல்லை. 2017 ஜூலையிலிருந்து அங்கே நிபுணராகத் தொழில் செய்ய வேண்டுமென்றால் நிபுணர் பதிவு சட்டப்படி கட்டாயம்.

முகவரிடம் கேட்டதற்கு, “அவர் பிளாஸ்டிக் சர்ஜன் இல்லைக்கா, காஸ்மெட்டிக் சர்ஜன், அது வேற” என்றார். எல்.சி.பி. கூட இருக்கிறது என்று ஒரு கடிதத்தை அனுப்பினார். அதையும் படித்தேன். எல்.சி.பி. என்பது சாதாரண டாக்டர்கள் அழகியல் சிகிச்சை செய்வதற்கு மலேசிய சுகாதார அமைச்சு கொடுக்கிற அனுமதி. போடாக்ஸ், ஃபில்லர், லேசர், முகத்தோல் உரிப்பது இந்த மாதிரிக்குத்தான். வயிற்றை அறுத்துத் தசையைத் தைப்பது அதற்குள் வராது. ஆக கிளினிக் உண்மை, டாக்டர் உண்மை, கடிதம் உண்மை. ஆனால் இந்த டாக்டர் இந்த இடத்தில் இந்த அறுவைசிகிச்சையைச் செய்யலாம் என்று ஒரு காகிதமும் சொல்லவில்லை. போலிச் சான்றிதழைத்தான் நாம் பயந்து பயந்து தேடுகிறோம், எனக்குக் காட்டியதில் ஒன்றுகூடப் போலி இல்லை.

கடைசியாக அண்ணி கேட்கச் சொன்ன கேள்வி, மயக்க மருந்து யார் கொடுப்பார்கள் என்பது. “டாக்டரே கொடுத்துடுவார் அக்கா, லேசா தூங்க வைக்கிறதுதான்” என்றார் முகவர். அறுக்கிறவரே மயக்கமும் கொடுத்தால் என் மூச்சை யார் பார்த்துக்கொண்டிருப்பது? அன்றைக்கே ரத்து செய்தேன். 2020 அக்டோபரில் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் போன 23 வயதுப் பெண் இறந்துபோனாள். அந்தச் செய்தியை அப்போது நானும் படித்து ஐயோ பாவம் என்றேன். அந்தப் பெண்ணும் யாரோ சொன்ன விலையை நம்பித்தானே போயிருப்பாள்.

முன்பணத்தைக் கேட்டதும் முகவரின் குரல் மாறிவிட்டது. அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். திருப்பித் தரும் வழக்கமே இல்லை என்றார். ஒரு விஷயம் நமக்குச் சாதகம்: முகவர் சிங்கப்பூரில் இருந்தார், பணம் சிங்கப்பூரில் கைமாறியது. பிஸ்ஃபைல் என்கிற அரசின் தொழில்பதிவு இணையத்தளத்தில் அவருடைய பதிவைப் பார்த்தேன், நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழில் என்று இருந்தது, மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லை. 20,000 வெள்ளி வரைக்கும் உள்ள வழக்குகளை ஸ்மால் கிளெய்ம்ஸ் என்கிற சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றத்துக்கு வக்கீல் இல்லாமல் நாமே கொண்டுபோகலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை மனு போடுகிறேன் என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மாலையே 600 வெள்ளி தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். இன்னும் அழுத்தியிருந்தால் முழுசும் வந்திருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், எனக்கு அதற்குமேல் தெம்பு இல்லை. ஆனால் அறுவைசிகிச்சை நடந்து ஏதாவது கோளாறாகியிருந்தால் இந்த வழி எதுவும் உதவியிருக்காது. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் இங்கே பதிவு செய்யாத டாக்டரை விசாரிக்க முடியாது, பயணக் காப்புறுதியும் பொதுவாக இதற்குப் பணம் தராது.

பிறகு நிபுணர் பதிவேட்டிலிருந்தே தொடங்கினேன், முகவர் இல்லாமல். பட்டியலில் ஜோகூரில் இருந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வேலை செய்யும் மருத்துவமனைக்கு நேராக எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. மருத்துவமனைகள் ஜேசிஐ (மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் அனைத்துலக அமைப்பு) அங்கீகாரம் என்று முத்திரை போட்டிருந்தால், முத்திரையை நம்பாமல் ஜேசிஐயின் சொந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருஷத்துக்குத்தான் அது செல்லும், முடிந்துபோன பிறகும் சுவரில் தொங்கும். அதுவும் கட்டடத்துக்குத்தான், டாக்டருக்கு இல்லை.

இந்தத் தடவை வாரநாளில் காலை ஐந்தரைக்கே கிளம்பினேன், முக்கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம். அந்த டாக்டரிடம் பதிவு எண் கேட்கத் தயங்கித் தயங்கித்தான் வாயெடுத்தேன். அவர் ஒன்றும் நினைக்கவில்லை, அடுத்த சந்திப்புக்கான அட்டையின் பின்புறம் தன் முழுப்பெயரையும் எண்ணையும் அவரே எழுதிக் கொடுத்தார், மயக்க மருந்து நிபுணரின் பெயரையும் சேர்த்து. மறுநாளே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம் என்று முகவர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் கூடாது என்று தலையை ஆட்டினார். வயிற்றில் நீர் வடிவதற்கு வைத்த குழாயோடு கடற்பாலத்து நெரிசலில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும், ஒரு வாரமாவது ஜோகூர் பாருவிலேயே தங்கணும், குழாயை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்றார். தங்குகிற செலவையும் சேர்த்தால் 11,000 வெள்ளி ஆகிறது. முதலில் சொன்ன 7,000 இல்லை, ஆனால் இந்தக் கணக்கில் எல்லாமே எழுத்தில் இருக்கிறது.

அட்டையில் இருந்த இரண்டு பெயரையும் திரும்பும் வரிசையில் நின்றுகொண்டே தேடினேன். இரண்டும் முதல் தேடலிலேயே வந்தன, வேலை செய்யும் இடமும் அதே மருத்துவமனை. தேதி இன்னும் குறிக்கவில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறதாம், ஆறு வாரம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.