‘ஒண்ணும் பண்ணாது’ என்றால் போதுமா?

லீஷ் (நாயைப் பிடித்துக்கொள்ளும் வார்) இல்லாமல் ஒரு நாய் பாய்ந்து வருகிறது. எதிரே வருபவர் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார். தூரத்தில் நிற்கும் உரிமையாளர் குரல் கொடுக்கிறார்: “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது!” பொது இடத்தில் நாயை வைத்து மனிதர்களுக்குள் வரும் சண்டைகள் பல இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. “நாயைப் பிடிச்சுக் கட்டுங்க” என்கிறார் ஒருவர். “நாய்னா ஓடத்தான் செய்யும்” என்கிறார் மற்றவர். நாய் நல்லதா கெட்டதா என்று பேச்சு திரும்பிவிட்டால் அது முடியவே முடியாது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்தவரை நெருங்குவதற்கு முன், ஒரே அழைப்பில், அந்த நாய் திரும்பி வருமா?

வராது என்றால், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் லீஷில்தான் இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவிழ்த்துவிட ஆசைப்படுவதில் தவறு கிடையாது. நாயின் இயல்பான நடை நம்முடையதைவிட வேகமானது. நின்று மோந்து, வளைந்து ஓடி, மறுபடி மோந்து போவதுதான் அதற்கு உலா. ஒன்றரை மீட்டர் லீஷில் மனித வேகத்தில் நடப்பது எல்லா நாய்க்கும் போதாது. ஆனால் அந்தச் சுதந்திரத்தின் விலையை எதிரே வருபவர் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது.

அப்படி அடிக்கடி விலை கொடுப்பது லீஷில் இருக்கும் இன்னொரு நாய். பழகிய நாய்கள் நேருக்கு நேர் போய் முட்டுவதில்லை. வில் போல வளைந்து வந்து பக்கவாட்டில் மோந்து பார்க்கும். நேர்க்கோட்டில் வேகமாக ஓடி வருவதே நாய்களுக்குள் மரியாதைக் குறைவு. கட்டப்பட்ட நாயால் விலகவும் முடியாது, ஓடவும் முடியாது. மிஞ்சுவது உறுமலும் கடியும்தான். பயத்தில் நாம் லீஷை இறுக்கினால் அதன் தலையும் நெஞ்சும் மேலே தூக்கப்படும். வரும் நாய்க்கு அது சவால் விடுவதுபோலத் தெரியும். கடைசியில் “உங்க நாய்தான் முதல்ல உறுமிச்சு” என்று பழி கட்டப்பட்ட நாயின் மேல் விழுகிறது. அந்த நாய்க்கு மூட்டு வலி இருக்கலாம், அறுவை சிகிச்சைத் தையல் இருக்கலாம், முன்பு கடிபட்ட பயம் இருக்கலாம். பார்வையற்றவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி நாயாக இருந்தால், அதன் கவனம் சிதறுவது அவருக்கே ஆபத்து.

மனிதர்களுக்கும் கடி மட்டுமே ஆபத்து இல்லை. முப்பது கிலோ நாய் விளையாட்டாக ஓடி வந்து முழங்காலில் மோதினால் வயதானவருக்கு இடுப்பெலும்பு உடையலாம். சின்னக் குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது.

வாலாட்டுவதை மட்டும் பார்த்து முடிவு செய்வது பெரிய தவறு. உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் நல்லது. வால் விறைப்பாக மேலே நின்று, நுனி மட்டும் வேகமாக ஆட, வாய் மூடி, பார்வை ஒரே இடத்தில் நிலைத்திருந்தால் உடனே நடுவில் போய்ப் பார்வையை மறித்துவிடுங்கள்.

இனி பயிற்சி. அவிழ்த்துவிட வேண்டுமென்றால் முதலில் பத்து மீட்டர் நீளக் கயிறு வாங்குங்கள். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டக் கூடாது. ஓடும் நாய் கயிற்றின் முடிவுக்கு வரும்போது விழும் இழுப்பு முழுவதும் கழுத்தில் இறங்கும். ஹார்னெஸின் (நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை) முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும். கையுறை போடுங்கள். கைப்பிடிக்குள் தானாகவே சுருண்டுகொள்ளும் வகை லீஷ் இதற்கு ஆகாது. அதன் மெல்லிய நூல் தோலை அறுக்கும். கைப்பிடி நழுவினால் சத்தத்தோடு நாயின் பின்னாலேயே இழுபட்டு வந்து அதை மிரள வைக்கும். இழுத்தால் நீளம் கிடைக்கும் என்றும் கற்றுக்கொடுத்துவிடும்.

பேரைச் சொல்லிச் சொல்லி அது தேய்ந்து போயிருந்தால் புதிதாக ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டுக்குள்: ஒரு முறை சொல்லுங்கள், வந்ததும் வேறெப்போதும் கிடைக்காத தின்பண்டத்தைக் கொடுங்கள், வேகவைத்த இறைச்சித் துண்டு மாதிரி. ஒரே மூச்சில் வேண்டாம், நாளைக்குப் பத்து முறை பிரித்துப் பிரித்து. பிறகு ஆளில்லாத திறந்தவெளி, கயிறு தரையில் இழுபட. அதன் பிறகுதான் மனிதர்கள், நாய்கள் இருக்கும் இடம். தூரத்தையும் கவனச் சிதறலையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். பத்துக்கு ஒன்பது முறை உடனே திரும்பினால் அடுத்த படி. தொடர்ந்து இரண்டு முறை தவறினால் ஒரு படி கீழே. வரவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்த வேண்டாம். ஐந்தாவது முறைதான் வரவேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். கயிற்றைப் பிடித்தபடி அருகே போய், தூரத்தைக் குறைத்து, மறுபடி ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள்.

நன்றாக வந்த நாய் திடீரென்று வராமல் போவதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டுமே கூப்பிட்டால், அந்தச் சொல்லுக்கு ‘விளையாட்டு முடிந்தது’ என்று பொருள் ஆகிவிடும். ஐந்து முறை கூப்பிட்டால் நான்கு முறை தின்பண்டம் கொடுத்துத் திரும்ப ஓட விடுங்கள். தாமதமாக வந்ததற்காகத் திட்டினால் அடுத்த முறை இன்னும் தாமதமாகும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை குறும்புப் பருவம். குட்டியில் கற்றதெல்லாம் அப்போது கரைந்ததுபோல் இருக்கும். கயிற்றை மறுபடி மாட்டிக்கொண்டு பொறுமையாக இருப்பதுதான் வழி.

இன்னொரு கட்டளை பலருக்கும் தோன்றுவதில்லை: தூரத்திலேயே ‘நில்’. நாய் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது ‘வா’ என்று கூப்பிட்டால் வாகனங்களுக்கு நடுவே ஓடி வரும். இருந்த இடத்திலேயே நிற்கப் பழகியிருந்தால் நாம் அங்கே போய்ப் பிடிக்கலாம்.

இவ்வளவு பழகிய நாயையும் சாலையோரம், பார்வை மறைக்கும் வளைவு, குழந்தைகள் விளையாடும் இடம், தரையில் கூடு கட்டும் பறவைகளின் இனப்பெருக்கக் காலம் ஆகியவற்றில் அவிழ்க்கக் கூடாது. கால்நடை மேயும் இடத்திலும் லீஷ் வேண்டும். ஆனால் மாடு துரத்தி வந்தால் லீஷை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துவிடும், பிடித்துக்கொண்டு நிற்கும் நமக்குத்தான் ஆபத்து. மற்ற இடங்களில் யாராவது வருவது தெரிந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே நாயைக் கூப்பிட்டு மாட்டிவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

முழுத் தடையை நான் ஆதரிக்கவில்லை. அவிழ்க்க ஓர் இடமும் இல்லாத ஊரில் எல்லா இடத்திலும் திருட்டுத்தனமாக அவிழ்ப்பார்கள். நியூயார்க்கின் பல பூங்காக்களில், குறித்த பகுதிகளில், திறந்ததிலிருந்து காலை 9 மணி வரையும் இரவு 9 மணியிலிருந்து மூடும்வரையும் அவிழ்த்துவிடலாம். நாய்க்குப் பயப்படுபவர் எந்த நேரத்தைத் தவிர்ப்பது என்று தெரிந்து வைத்திருக்கலாம். நாய்களுக்கென்று தனி இடம் ஒதுக்கினால் வேலியோடு இரட்டைக் கதவும் வேண்டும்: ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறப்பது. ஒற்றைக் கதவில் ஒருவர் நுழையும்போது இன்னொரு நாய் வெளியே நழுவிவிடும்.

நீங்கள் எதிரே வருபவராக இருந்தால், ஓடாதீர்கள். உங்கள் நாயைப் பின்னால் தள்ளி, கையை நீட்டி உறுதியாக ‘நில்’ என்று சொல்லுங்கள். பையில் தின்பண்டம் இருந்தால் வரும் நாயின் முகத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி தரையில் வீசுங்கள். அது பொறுக்கும் நேரத்தில் வளைந்து விலகிவிடலாம். உரிமையாளரிடம் “நாயைக் கூப்பிடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். வாதத்தை நாயை லீஷில் மாட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டும் சண்டையில் சிக்கினால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள். அந்த வெறியில் சொந்த நாயே கடித்துவிடும். தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், பெரிய சத்தம் எழுப்புங்கள், பலகையையோ பையையோ நடுவில் நுழைத்துவிடுங்கள். எதுவும் பலிக்காவிட்டால் ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி நகர்த்தலாம். ஆனால் ஒன்று கவ்வியபடி இருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். பிடி தளர்ந்த பிறகே நகர்த்துங்கள்.

மனிதருக்குக் கடியோ பல் கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் முழுதாகக் கழுவி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கிளம்பும் முன் நாயின் உரிமையாளருடைய தொலைபேசி எண்ணையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டியிருக்கும். ஆனால் அதன் முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.