கோகோ கிறிஸ்பீஸ் பெட்டியில் குடியிருந்தவர்கள்
காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சாக்லேட் அரிசிப் பொரியான கெல்லாக்ஸின் கோகோ கிறிஸ்பீஸ் அமெரிக்காவில் 1958இல் கடைக்கு வந்தது. அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் விளம்பரச் சின்னமாக எத்தனை பேர் குடிவந்து காலி செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வாடகை வீடே தோற்றுவிடும். முதலில் ஹோசே என்றொரு குரங்கு, அப்புறம் கார்ட்டூனில் வந்த இளஞ்சிவப்பு மலைச்சிங்கம் ஸ்னாகில்புஸ், அது போய் ஒரு குகை மனிதன், அவனும் போய் டஸ்க் என்ற யானை, 1980களில் ரைஸ் கிறிஸ்பீஸின் குள்ளர்கள் மூன்று பேர்.

அதே கம்பெனியின் டோனி புலி மட்டும் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ் பெட்டியை விட்டு 1952லிருந்து நகரவே இல்லை. ஆரம்பத்தில் கேட்டி என்ற கங்காருவும் போட்டிக்கு இருந்தது, பாவம், புலிப் பெட்டிதான் அதிகம் விற்றதாம், கங்காருவைத் தூக்கிவிட்டார்கள்.

நம்ம ஊர் சாக்கோஸில் கரடி. சரி, இருக்கட்டும். என் ஓட்டு அந்தக் குகை மனிதனுக்குத்தான், காலையில் எழுந்ததும் யாரிடமும் பேசப் பிடிக்காத ஆட்களுக்கு அவன்தான் சரியான ஆள்.