விடச் சொன்னதும் நாங்கள்தான்

கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மீன் பெரிதாகத் துடிப்பதில்லை. ஒருபக்கமாகச் சாய்கிறது, செவுள் அசைவு மெல்லக் குறைகிறது, பிறகு நின்றுவிடுகிறது. மாதிரியைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினுக்குள் உயிரோடு போடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மாதிரி சேகரிப்பதற்கான நெறிமுறைகளில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பரிசல்காரர் கேட்டது மட்டும் எந்த நெறிமுறையிலும் இல்லை.

“இதை விடவில்லையா அம்மணி?”

“இது ஆராய்ச்சிக்கு அண்ணா.”

“விடச் சொன்னதும் நீங்கள்தானே.”

நாங்கள்தான் சொன்னோம். மகசீர் குஞ்சு வலையில் மாட்டினால் திருப்பி விட்டுவிடுங்கள், அழிந்துகொண்டிருக்கிற மீன் என்று கரையில் உட்கார்ந்து படம் காட்டிப் பேசினோம். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் விட ஆரம்பித்தார். அதற்காக அவருக்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. நாங்களும் கொடுக்கவில்லை.

காவிரியில் கலக்கும் ஆறுகளில் ஒன்று என்பதற்கு மேல் இடத்தைச் சொல்லப்போவதில்லை. அரிய மீன் கிடைக்கும் இடத்தின் பெயர் அச்சில் வந்தால் முதலில் படிப்பவர்கள் பாதுகாவலர்களாக இருப்பதில்லை.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்னிடம் இருக்கிறது. மனத்துக்குள் அதைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். காவிரியின் திமில் மகசீர் ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மீன். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தூண்டில்காரர்களுக்கு அதன் மேல் பித்து. 1946இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு. இவ்வளவு புகழ் இருந்தும் அது எந்த இனம் என்று அறிவியல் நெடுங்காலம் உறுதியாகச் சொல்லவில்லை. இனம் எதுவென்று தெரியாத மீனை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் செம்பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? 2007இல் கேரளத்தின் பாம்பாறு ஆற்றிலிருந்து ஒரு மகசீரைப் புதிய இனமாக விவரித்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் ரேமாதேவியின் நினைவாக ‘டோர் ரேமாதேவி’ என்று பெயரிட்டார்கள். பாம்பாறு அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. அந்த மீனும் காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்று மோயாற்று மீன்களை ஆராய்ந்து 2018இல்தான் நிறுவினார்கள். அதே ஆண்டு ‘மிக அருகிய இனம்’ என்று செம்பட்டியலில் ஏறியது. யாரோ ஒருவர் முன்பு பாட்டிலில் போட்டு வைத்த மீன்கள் இல்லையென்றால் ஒப்பிட என்ன இருந்திருக்கும்?

நல்ல பதில்தான். ஆனால் அது அந்த மீன்களுக்கான பதில். என் வாளியில் கிடந்ததற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. 1970களிலிருந்து காவிரியில் நீலத்துடுப்பு மகசீரைக் கொண்டுவந்து விட்டார்கள். மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்ந்த குஞ்சுகள் அவை. மகசீரைக் காக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில்தான் விட்டார்கள். திமில் மகசீர் ஒடுங்கிப்போனதற்கு இப்போது அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறோம். இந்தப் பகுதியில் இருப்பது எது? குஞ்சுப் பருவத்தில் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. மரபணு சொல்லும். அதற்குத் துடுப்பில் ஒரு துணுக்கு போதும். இடப்பக்கத்தைப் படம் எடுத்து, வலப்பக்கத் துடுப்பில் வெட்டி ஆல்கஹாலில் போட்டுவிட்டு மீனை ஆற்றில் விட்டிருக்கலாம்.

முழு மீன் எதற்கு? நாளைக்கு வேறொருவர் வேறொரு கேள்வியோடு வருவார் என்பதற்காக. செதில்களை எண்ண, குடலைப் பார்க்க, நான் தப்பாக அடையாளம் கண்டிருந்தால் திருத்த. மாதிரி இல்லாத பதிவை எங்கள் துறையில் பலர் பதிவாகவே மதிப்பதில்லை. இதை நான் நம்புகிறேன். நம்பினாலும், பரிசலில் திரும்பும்போது அவர் சொன்னது வந்து குறுக்கே நிற்கிறது.

“போன மழைக்கு முன்னால் இந்த மடுவில்தான் விட்டேன். அதுவாகக்கூட இருக்கும்.”

குற்றம் சாட்டும் குரலே இல்லை. தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அது அதே மீனாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அலுவலகத்தில் சொன்னபோது மூத்தவர் ஒருவர் சிரித்தார். ஆற்றில் தோட்டா போடுகிறவன் ஒரே வெடியில் ஒரு மடுவையே காலி செய்கிறான், மணல் அள்ளுகிறவன் முட்டையிடும் இடத்தையே அள்ளிக்கொண்டு போகிறான், மேலே அணை தண்ணீரை நிறுத்துகிறது, நீ ஒரு குஞ்சுக்கு வருத்தப்படுகிறாய் என்றார். உண்மைதான். அந்த வரிசையில் என் பாட்டில் எங்குமே வராது. ஆனால் தோட்டா போடுகிறவன் பரிசல்காரரிடம் வந்து மீனை விடுங்கள் என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். இந்த வாதத்தை மூத்தவரிடம் வைக்கவில்லை. வைத்திருந்தால், அப்படியானால் இனி மாதிரி எடுக்காதே என்றிருப்பார். அதற்கும் நான் தயாராக இல்லை.

முன்கூட்டியே அவரிடம் விளக்கியிருக்கலாம் என்று ஒரு தோழி சொல்கிறாள். விளக்கியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்கிற மனிதர். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வதா என்பதுதான் தெரியவில்லை.

வனத்துறைக்கான அடுத்த விண்ணப்பம் மேசையில் இருக்கிறது. எத்தனை மாதிரிகள் என்ற கட்டத்தில் போன முறை எழுதிய எண்ணையே எழுதியிருக்கிறேன். குறைக்கலாமா என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன், குறைத்தால் ஆய்வுக்குப் போதாது. பரிசலுக்கு அவரையே சொல்லியாகிவிட்டது. இப்போதும் குஞ்சுகளை விடுகிறாரா என்று தொலைபேசியில் கேட்கவில்லை. கேட்டால் விடுகிறேன் அம்மணி என்றுதான் சொல்வார்.