எண் எழுத்தாக ஏறினால்: ஆர் மென்பொருளில் தரவைச் சரிபார்ப்பது

ஏற்காடு தோட்டங்களின் காப்பி, மிளகு எடைக் கணக்கோ, சேலம் லீ பஜார் விலைப்பட்டியலோ ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏறிய பிறகு சராசரி வரவில்லையா? எஸ்டிஆர் (str) கட்டளை போட்டு அந்த நெடுவரிசையின் வகையைப் பாருங்கள். ‘chr’, அதாவது கேரக்டர் (எழுத்து) என்று காட்டினால் எங்கோ ஒரு கட்டத்தில் எழுத்து கலந்திருக்கிறது. ஒன்றே போதும், முழு நெடுவரிசையும் எழுத்தாகிவிடும்.

அவசரப்பட்டு, எண்ணாக மாற்றும் ஆஸ் நியூமரிக் (as.numeric) கட்டளையைப் போடாதீர்கள். எண்ணாக மாறாதவை எல்லாம் என்ஏ (NA), அதாவது மதிப்பில்லாத கட்டம் ஆகும். வருவது ஒரே ஒரு வரி எச்சரிக்கைதான். மாற்றினால் என்ஏ ஆகிற, ஆனால் மூலத்தில் ஏதோ எழுதியிருக்கிற கட்டங்களை மட்டும் வடிகட்டி, ஒரே மதிப்பைத் திரும்பக் காட்டாத யுனீக் (unique) போட்டுப் பாருங்கள். சிக்கல் கண்ணெதிரே வந்து நிற்கும்.

1,25,000 என்றிருந்தால் கமாவை நீக்கினால் போதும். ‘45 கிலோ’, ‘2 மூட்டை’ இரண்டும் ஒரே நெடுவரிசையில் இருந்தால் கவனம் தேவை. ஆரின் கூடுதல் தொகுப்பான ரீடரில் (readr) உள்ள பார்ஸ் நம்பர் (parse_number) கட்டளை இரண்டிலிருந்தும் எண்ணை மட்டும் உருவி 45, 2 என்று தரும். அலகு காணாமல் போகும். ‘40-45’ என்பது 40 ஆகிவிடும். அலகைத் தனி நெடுவரிசையாகப் பிரித்த பிறகே இந்தக் கட்டளையைத் தொட வேண்டும். மழைக் கணக்கில் ‘-’ என்றிருந்தால் மழையே இல்லையா, அளக்கவில்லையா என்று எழுதியவரைக் கேளுங்கள். முன்னது 0, பின்னது என்ஏ. ஊகித்து நிரப்புவது தவறு.

பார்வைக்குச் சுத்தமாக இருந்தும் மாறாத எண்ணில், வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பிரிபடா இடைவெளி இருக்கலாம். யூனிகோடில் அதன் எண் 160. ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் டபிள்யூஎஸ் (trimws) கட்டளை வழக்கமான அமைப்பில் அதை நீக்காது. தனியாகக் குறிப்பிட்டு நீக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஃபேக்டர், அதாவது எழுத்துகளை வகைகளாக அடுக்கி, உள்ளே 1, 2, 3 என்று வரிசை எண்ணாக வைத்திருக்கும் வடிவம். 2020இல் வந்த ஆர் 4.0.0 பதிப்பிலிருந்து எழுத்துகள் தானாக ஃபேக்டர் ஆவதில்லை. பழைய கோப்புகளில் இன்னும் இருக்கும். 120, 95, 1050 ஆகிய மூன்றும் எழுத்தாக அடுக்கப்படும்போது 1050, 120, 95 என்று நிற்கும். நேரடியாக எண்ணாக்கினால் கிடைப்பது 2, 3, 1. எச்சரிக்கை எதுவும் வராது. முதலில் ஆஸ் கேரக்டர், அதன்மேல் ஆஸ் நியூமரிக் என்பதே வழி.

இன்னொரு புள்ளியியல் மென்பொருளான ஸ்டேட்டாவில், எழுத்தை எண்ணாக்கும் டீஸ்ட்ரிங் (destring) கட்டளை, எண் அல்லாத எழுத்தைக் கண்டால் மாற்றாமல் நின்றுவிடும். அது நல்லது, ஃபோர்ஸ் (force) என்ற கட்டாய மாற்ற விருப்பத்தைச் சேர்த்து அதைத் தாண்டாதீர்கள்.

மாற்றியதும் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். எக்செல்லின் சம் எழுத்தாக இருக்கும் எண்களைக் கூட்டாமல் விட்டுவிடும் என்பதால், ஒப்பிட வேண்டியது தோட்டத்தின் எடைப் பதிவேட்டில் உள்ள மொத்தத்தோடு.