எடை 42, எடை 42, எடை 42

காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் உள்ளுக்குள் தேய்ந்துவிட்டாரா என்பதை அவர் எழுதும் சிகிச்சை அட்டையே காட்டிக்கொடுத்துவிடும். மாதாமாதம் எடை பார்த்து எழுத வேண்டிய கட்டத்தில் 42, 42, 42 என்று ஒரே எண் வரிசையாக நிற்கும். மாத்திரை சாப்பிட்டதற்கான 28 நாள் டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் விழுந்திருக்கும். மேலதிகாரி அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு மெமோ கொடுப்பார். போன வருடம் எடை மெஷினை வண்டியில் கட்டிக்கொண்டு நோயாளி வீடு தேடிப் போனதும் இதே ஆள்தான்.

இந்த எண் வெறும் சடங்கு இல்லை. நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை 35 முதல் 49 கிலோ வரை தினம் 3, 50 முதல் 64 வரை தினம் 4. சிகிச்சை நடுவில் 5 கிலோவுக்கு மேல் ஏறி அடுத்த வரம்புக்குள் போனவருக்கு அளவை மாற்ற வேண்டும். பழைய எடையையே எழுதிக்கொண்டிருந்தால் குறைந்த டோஸ்தான் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்வதில் பலன் இல்லை என்று தோன்றுவது. களத்தில் முதலில் காதில் விழுவது இரண்டாவதுதான். "சொன்னா எங்க சார் கேக்குறாங்க?" என்பது வாரத்துக்கு ஒரு முறையிலிருந்து வீட்டுக்கு வீடு வந்துவிட்டால் ஆள் களைத்துவிட்டார் என்று அர்த்தம்.

காரணத்தை வேலை நேரத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. எஸ்டிஎஸ் எனப்படும் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் ஒருவருக்குச் சுமார் 2 லட்சம் மக்கள். மாத்திரையைப் பாதியில் விட்டவரைத் தேடிப் பிடிப்பது, வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிப்பது, நோயே இல்லாதவரைத் தடுப்பு மருந்துக்குச் சம்மதிக்க வைப்பது எல்லாம் அவர் தலையில். கடைசியாகச் சொன்னது பெரிய பாடு. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நான் ஏன் ஆறு மாசம் மாத்திரை போடணும்?" என்ற கேள்விக்குத் தினமும் புதிதாகப் பதில் சொல்ல வேண்டும். வாரம் ஒன்றாக 12 வேளையில் முடியும் மருந்து கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

உண்மையில் ஆளைக் கரைப்பது, தன் கையில் இல்லாததற்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதுதான். காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆனது. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். கணக்கு முடங்கியிருந்தாலோ, ஒரு வங்கி இன்னொன்றோடு இணைந்த பிறகு ஐஎப்எஸ்சி எண் மாறியிருந்தாலோ திரும்பிவிடும். நோயாளி வங்கியைக் கேட்பதில்லை, மாத்திரை கொடுக்க வந்தவரைத்தான் கேட்கிறார். ஊரார் முன்னால் "எங்க பணத்தை எங்கய்யா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அடுத்த வாரம் அந்தத் தெருவுக்கு வண்டி திரும்பாது. 2024 தொடக்கத்தில் மத்திய மருந்து விநியோகம் தடுமாறி, மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளச் சொல்லப்பட்டபோதும் இதே கதைதான். ஒரு நாள்கூட விடாதே என்று நோயாளியை மிரட்டிய வாயாலேயே "ஸ்டாக் வரல, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று சொல்ல வேண்டி வந்தால் யாருக்குத்தான் கூசாது?

இதோடு இலக்கு என்ற சுமையும் உண்டு. நாட்டில் 2019இல் சுமார் 24 லட்சமாகப் பதிவான நோயாளிகள் 2020இல் 18 லட்சமாகக் குறைந்தார்கள். நோய் குறையவில்லை, கண்டுபிடிக்கும் ஆட்களும் கருவிகளும் கொரோனாவுக்குப் போயிருந்தன. 2025க்குள் ஒழிப்பு என்ற இலக்கு மட்டும் அசையவில்லை.

வேலையைக் குறைத்தால் சோர்வு தீர்ந்துவிடும் என்பதும் அரை உண்மைதான். தமிழ்நாட்டில் 2022இல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம் வேலையைக் கூட்டியது. நோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவரை உடனே வார்டில் சேர்க்க வேண்டும். ஆனால் ஆக்சிஜன் 94க்குக் கீழே இருந்தவர் பத்து நாளில் நடந்து வீடு திரும்புவதைப் பார்த்த ஊழியர், அந்தப் படிவத்தைப் பற்றி அவ்வளவாகப் புலம்புவதில்லை. ஒரே விவரத்தை ரிஜிஸ்டரிலும் நிக்ஷய் எனும் அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்திலும் எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும் நான்கு முறை ஏற்றச் சொல்வதுதான் ஆளைக் கொல்கிறது.

ஒவ்வொரு காசநோய் யூனிட் அளவிலும் செய்யக்கூடியவை உண்டு. வாரத்தில் ஒரு நாளைப் பதிவேற்றத்துக்கு மட்டும் ஒதுக்கி, அன்று களப்பணி கேட்காமல் இருப்பது. குடித்துவிட்டுச் சண்டைக்கு வரும் வீட்டுக்கு இருவராகப் போவது. இறப்பு ஆய்வில் "யார் தப்பு?" என்பதை விட்டு, அறிகுறி தொடங்கிய நாள், சளி கொடுத்த நாள், முதல் மாத்திரை விழுந்த நாள் என்று தேதிகளை வரிசையாக எழுதி, எங்கே தாமதம் என்று பார்ப்பது. சளி டப்பாவைக் கொடுத்துக் கழிவறைக்கு அனுப்பாமல், திறந்த வெளியில் சளி எடுக்கச் சொல்வது. ஊழியருக்கு என்95, வருடம் ஒரு மார்பு எக்ஸ்ரே. நோயாளிக்கெல்லாம் படம் எடுக்க அனுப்புகிறவர் தன்னுடையதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்.

சிகிச்சை அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஊழியரின் சொந்த செல்போன் எண். ராத்திரி பதினொரு மணிக்கு "மாத்திரை போட்டதும் வாந்தி" என்று போன் வரும், விடுப்பு நாளிலும் வரும். யூனிட்டுக்கு ஒரு பொது போன் வாங்கி, வாரம் ஒருவர் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும். செலவு ஒரு போன், ஒரு சிம்.