கிருஷ்ணகிரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை: கார் பந்தயத்துக்குச் சனிக்கிழமையே போய்விடுங்கள்

ஞாயிறு மதியம் போய் இறங்கினால் பந்தயம் பார்த்துவிடலாம் என்றுதான் எங்கள் ஊர்ப்பக்கம் பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் போனால் யார் ஜெயித்தார்கள் என்பது தெரியும், ஏன் ஜெயித்தார்கள் என்பது தெரியாது. அது தெரிய சனிக்கிழமையும் அங்கே இருக்க வேண்டும். நானும் நண்பரும் கிருஷ்ணகிரியிலிருந்து காரில் போய்வரும் முறையை இங்கே எழுதுகிறேன். தருமபுரிக்காரர்கள் காவேரிப்பட்டணம் வழியாக வந்து இதே சாலையில் சேர்ந்துகொள்ளலாம். ஏறக்குறைய 50 கி.மீ. கூடும்.

பந்தயத் தடம் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை ஒட்டியே வருகிறது. முன்பு சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. அதை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தைத் திறந்தது. இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். ஒரு சுற்று 3.717 கி.மீ., 12 திருப்பங்கள். ஒரு சுற்றை 2 நிமிடத்தில் முடிக்கும் காரின் சராசரி வேகம் மணிக்கு 111.5 கி.மீ.; அதாவது நொடிக்கு 31 மீட்டர். ஒரு சுற்றுக்கு ஒரு நொடி பின்தங்கினால் ஏழெட்டு கார் நீளம் போய்விடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நேரப் பலகையைப் பாருங்கள், அதில் வரும் எண்கள் பேசத் தொடங்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து அங்கே சுமார் 220 கி.மீ. பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜா என்று ஒரே சாலை. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் நிறுத்தங்களையும் சேர்த்து 8 மணிக்குப் போய்ச் சேரலாம். ஒன்றைக் கவனியுங்கள்: வேலூரைத் தாண்டும்போது சரியாகச் சூரியன் எழும், அதற்குப்பின் சாலை நேர்கிழக்காகப் போகிறது. கண்ணாடியில் பூச்சிக் கறையும் வைப்பர் கோடும் இருந்தால் வெயில் பட்டதும் முன்னால் எதுவுமே தெரியாது. பள்ளிகொண்டாவில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துவிடுவது நல்லது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆட்கள் நடுச்சாலையைக் கடப்பார்கள். இருட்டில் அங்கே வேகம் வேண்டாம்.

வழியில் சுங்கச்சாவடிகள் பல உண்டு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர சேர்த்து ஒன்றரை மடங்குக் கட்டணம்தான். ஆனால் சனி காலை போய் ஞாயிறு மாலை திரும்புவோருக்கு அந்தச் சலுகை கிடைக்காது, இரண்டு முழுக் கட்டணத்துக்கும் ஃபாஸ்டாகில் பணம் போட்டுவையுங்கள். இருப்பு இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

டயர் காற்றை முந்தைய நாள் இரவோ கிளம்பும் முன்போ, டயர் ஆறியிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ கூடும். நம் ஊர்க் குளிரில் 32 வைத்துக் கிளம்பிய டயர் ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் ஓடி நிற்கும்போது 36-ஐத் தொட்டால் அது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுவதுதான் தவறு. மறுநாள் காலை அது 28-இல் நிற்கும்.

பந்தயக் காரிலும் விஷயம் இதுவேதான். பேடாக்குக்குள், அதாவது கார்களைத் தயார் செய்யும் இடத்துக்குள், விடுவார்களா என்பது போட்டிக்குப் போட்டி மாறும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போக முடிந்தால், ஓடிமுடித்து வந்த காரின் டயரில் மெக்கானிக் ஊசி போன்ற வெப்பமானியைக் குத்துவதைப் பாருங்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் குத்துவார். நடுவில் மட்டும் சூடு அதிகமென்றால் காற்று அதிகம். இரு ஓரமும் சூடாகி நடு ஆறியிருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் மிகவும் கொதித்தால் சக்கரத்தின் சாய்வு, அதாவது கேம்பர், கூடிவிட்டது. அடுத்த ஓட்டத்துக்குள் அதைத் திருத்துவார்கள். ஓசூரில் வண்டித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இந்த அரைமணி நேரமே போதும், டிக்கெட் காசு தேறிவிடும்.

மறுநாள் பந்தயத்தில் யார் எந்த வரிசையில் கிளம்புவது என்பதைத் தீர்மானிக்கும் சனிக்கிழமைத் தகுதிச்சுற்று ஏன் முக்கியம்? உள்நாட்டுப் போட்டிகளில் பந்தயங்கள் குறுகியவை, பத்துச் சுற்றை ஒட்டி முடிந்துவிடும். பின்வரிசையில் கிளம்பியவர் முன்னே வர அவகாசம் குறைவு. தகுதிச்சுற்றில் முதல் சுற்று டயரைச் சூடாக்க. அடுத்த இரண்டு மூன்று சுற்றுகளில்தான் நல்ல நேரம் வரும். அதற்கு மேல் ஓட்டினால் ரப்பர் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடி குறையத் தொடங்கும். முன்னால் மெதுவாகப் போகும் காரில் மாட்டிக்கொள்ளாமல் அந்தச் சுற்றைப் போடுவது பெரிய சாமர்த்தியம். யார் இடைவெளி விட்டுப் பின்தங்கிக் காத்திருக்கிறார் என்று பாருங்கள்.

உட்கார எங்கே? பலரும் நேர்ப்பாதையில் இடம் பிடிக்கிறார்கள்; அங்கே கார் ஒரு கணம் சீறிவிட்டுப் போய்விடும். நேர்ப்பாதை முடிந்து பிரேக் பிடிக்கும் இடம் தெரியும்படி உட்காருங்கள். 180 கி.மீ. வேகத்தை 80-க்குக் குறைக்கும்போது காரின் இயக்க ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாக மாறிப் பிரேக் டிஸ்கில் இறங்குகிறது. அந்த வேகத்தில் அரை நொடி தாமதம் என்பது 25 மீட்டர். ஓரத்துப் பலகை ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டுநரும் அதற்கு முன்னாலா பின்னாலா பிரேக் பிடிக்கிறார் என்று பாருங்கள். முன்சக்கரத்தில் நீலப் புகை எழுந்தால் சக்கரம் சுழலாமல் உராய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் டயர் தட்டையாகத் தேய்ந்துபோகும். பிறகு வேகத்தில் வண்டி அதிரும், அவர் முன்கூட்டியே பிரேக் பிடிக்க ஆரம்பிப்பார். பின்னால் வருபவர் முந்துவது அந்த இடத்தில்தான்.

மழை வந்தால் எழுந்துவிடாதீர்கள். ஸ்லிக் டயரில் கோடு வெட்டு கிடையாது, தண்ணீர் வெளியேற வழியில்லை, கார் தண்ணீர் மேல் மிதந்து வழுக்கும். மழை டயரோ காய்ந்த தடத்தில் ஓடினால் சூடேறிப் பிய்ந்துபோகும். பாதித் தடம் நனைந்து பாதி காய்ந்திருக்கும்போது எந்த டயர் போடுவது என்ற முடிவிலேயே பந்தயம் தீர்ந்துவிடலாம்.

கொடிகளில் இவை போதும்: மஞ்சள் வந்தால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடு வந்தால் தடத்தில் எண்ணெயோ தண்ணீரோ இருக்கிறது. நீலம் வேகமான கார் பின்னால் வருவதைச் சொல்லும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் வந்தால் அந்த வண்டியில் கோளாறு, உள்ளே வரவேண்டும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம்.

நம் ஊரைவிட அங்கே புழுக்கம் அதிகம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, காதுக்கு நுரை அடைப்பான் கட்டாயம். குழந்தைகளுக்குக் காதை மூடும் கவசமே வேண்டும். சாப்பாட்டுக்குப் புளிசாதம் எடுத்துப் போகலாம். தயிர்சாதம் என்றால் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள், மதியம் புளிக்காது. சுற்றிலும் தொழிற்சாலைகள் என்பதால் ஸ்ரீபெரும்புதூரில் விடுதிகள் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் அறை பேசிவிடுங்கள். ஞாயிறு காலை நேரம் இருந்தால் ராமானுஜர் பிறந்த ஊரின் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் தடத்துக்குப் போகலாம்.

ஞாயிறு 4 மணிக்குக் கிளம்பினால் திரும்பும்போதும் வெயில் கண்ணுக்கு நேரே. வாலாஜாவில் தேநீர் குடித்து, சூரியன் இறங்கும்வரை உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுங்கள். இரவு 10 மணிக்குள் கிருஷ்ணகிரி வந்துவிடலாம்.