கேம்பிரிட்ஜ்: அறைச் சாவி வாங்கும் வரையும், வாங்கிய பிறகும்

கேம்பிரிட்ஜில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்தவர்கள் முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் ஒரே இடத்துக்குப் போகவில்லை, மூன்று இடங்களுக்குப் போகிறீர்கள். வழிகாட்டி, ஆய்வகம், கருத்தரங்கு எல்லாம் துறையைச் சேர்ந்தவை. அனுமதி, விசாவுக்கு வேண்டிய காஸ் (இடம் உறுதி என்று பல்கலைக்கழகம் தரும் சான்று), கடைசியில் பட்டம், இவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அறை, சாப்பாடு, வாடகை பில், மனசு சரியில்லாதபோது பேச ஒரு டியூட்டர், இவை கல்லூரியின் கையில் இருக்கின்றன. மொத்தம் 31 கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனிக் கணக்கு, தனி விதி. ஒரு கல்லூரி நண்பர் சொன்ன விதி அடுத்த தெருவில் இருக்கும் கல்லூரியில் செல்லாது. இது புரியாமல் துறை அலுவலகத்தில் போய் அறையைப் பற்றிக் கேட்டும், கல்லூரியில் போய் உதவித்தொகையைப் பற்றிக் கேட்டும் எனக்கு அக்டோபர் மாதம் முழுக்க வீணாகப் போனது.

முதல் அடி ஊரிலேயே விழுந்தது. கல்விக் கடனைக் காட்டி விசா எடுப்பவர்கள் வங்கி தரும் சாங்ஷன் லெட்டரை அப்படியே இணைத்துவிடாதீர்கள். வீட்டையோ மனையையோ அடமானம் வைத்து வாங்கும் கடன் என்றால், அந்தக் கடிதத்தின் உள்பக்கங்களில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும்: பத்திரம் ஒப்படைத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடிந்த பிறகே பணம் விடுவிக்கப்படும், ஆயுள் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், இந்த மாதிரி. விசா கிடைத்தால் பணம் கிடைக்கும் என்ற ஒரு நிபந்தனையைத் தவிர வேறு எதையும் பிரிட்டிஷ் விதி ஏற்காது. எங்கள் கிளை மேலாளர், "எங்க ஃபார்மட் இதுதான் தம்பி, இதுக்கு மேல ஒரு வரி சேர்க்க முடியாது" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். வில்லங்கச் சான்று, மதிப்பீடு, பதிவு எல்லாம் முடிந்த பிறகு, எல்லா நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன என்று தனியாக ஒரு கடிதம் கேட்டேன். மூன்றாவது முறை போகும்போது என்னென்ன இருக்க வேண்டும் என்று நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனதால்தான் காரியம் நடந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், கடன் தொகை, இது கல்விக் கடன் திட்டத்தின் கீழ் வருகிறது என்ற வரி, பயணத்துக்கு முன்பே பணம் கிடைக்கும் அல்லது நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்ற உறுதி. தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

சேமிப்பைக் காட்டுபவர்களுக்கு வேறு வலை இருக்கிறது. முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28-ஆவது நாள் விண்ணப்பத்துக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரு நாள் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் போச்சு. வங்கி தானாகப் பிடிக்கும் கட்டணம், ரூபாயின் மாற்று விகிதம் இரண்டையும் நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

காசநோய்ப் பரிசோதனை ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. அறிவியல், பொறியியல் துறையினரில் பலருக்கு பிரிட்டிஷ் அரசு தரும் அட்டாஸ் என்ற பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதனால் அதை முதல் வேலையாகப் போடுங்கள். பலர் எதிர்பாராத செலவு, விசா விண்ணப்பத்தோடு கட்டும் மருத்துவக் கட்டணம்தான். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, முழுக் காலத்துக்கும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். காஸில் படிப்பு 3 ஆண்டு என்று இருந்தால், விசா முன்னால் ஒரு மாதம், பின்னால் நான்கு மாதம் சேர்த்து வரும். மிச்ச மாதங்கள் ஆறுக்குள் இருந்தால் பாதிக் கட்டணம். ஆக மூன்றரை ஆண்டுக் கணக்கில் 2,716 பவுண்டு. நம் ஊர் டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும், திறந்தாலும் நாள் வரம்பு குறைவாக இருக்கும். முந்தைய நாளே இரண்டையும் சரிசெய்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் தனியாகக் கவனமாக இருக்க வேண்டும். இனிஷியலோடு சான்றிதழ், அப்பா பெயர் சர்நேமாக விரிந்த பாஸ்போர்ட், இப்படி இரண்டு பெயரில் வாழ்கிறோம். விண்ணப்பத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து போட்டுவிடுங்கள். அதுவே காஸிலும் விசாவிலும் வங்கிக் கணக்கிலும் தொடர்ந்து வரும். ஒரு இடத்தில் பிசகினால் பின்னால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது வந்து சேரும் தேதி. படிப்பு தொடங்க ஒரு மாதம் முன்பே நாட்டுக்குள் வர விசா இடம் கொடுக்கும். அதைப் பார்த்து மலிவான டிக்கெட் கிடைத்த நாளில் புறப்பட்டுவிடுகிறார்கள். அறை ஒப்பந்தமோ பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் 1-இல்தான் தொடங்கும். அதற்கு முன் வந்தால் பெட்டியோடு வெளியேதான் நிற்க வேண்டும், மாணவர்கள் குவியும் அந்த வாரத்தில் விடுதி விலையும் ஏறியிருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். முன்னதாக வந்தே ஆக வேண்டும் என்றால் ஆகஸ்டிலேயே எழுதிக் கேளுங்கள், காலி அறை இருந்தால் நாள் வாடகைக்குத் தருவார்கள். இரவில் வந்து சேர்பவர்கள், கல்லூரி வாசலில் காவலும் வரவேற்பும் பார்க்கும் போர்ட்டர்களின் அலுவலகமான போர்ட்டர்ஸ் லாட்ஜ் 24 மணி நேரமும் திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கல்லூரியிலும் அப்படி இல்லை. கல்லூரியில் எந்தச் சந்தேகத்துக்கும் முதலில் போர்ட்டர்களிடம் போங்கள். எனக்கு அதிகம் உதவியவர்கள் அவர்கள்தான்.

உண்மையான சிக்கல் முதல் மூன்று வாரத்தில் இருக்கிறது. இது ஒரு சங்கிலி. கல்லூரி உங்கள் விசாவைச் சரிபார்க்க வேண்டும். அது முடிந்தால்தான் பதிவு முழுமையாகும். பதிவு ஆனால்தான் மாணவர் என்று சான்றளிக்கும் கடிதம் வரும். அது இருந்தால்தான் வங்கிக் கணக்கு, கணக்கு இருந்தால்தான் உதவித்தொகை. ஆனால் கல்லூரி பில் இதற்கெல்லாம் காத்திருக்காது, பருவத் தொடக்கத்திலேயே வந்துவிடும். உதவித்தொகையோ பலருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது, முதல் தவணையைத் தவறவிட்டால் அல்லாட வேண்டும்.

என் சங்கிலி முதல் கண்ணியிலேயே நின்றது. விசா இப்போது அட்டையாக வருவதில்லை, இ-விசாதான். இணையக் கணக்கில் நுழைந்து, விசாவை மற்றவர் சரிபார்க்க உதவும் ஷேர் கோடு என்ற குறியீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அலுவலகத்தில் ஒருவர் அதை வாங்கி வைத்தார், உள்ளிட வேண்டியவர் விடுமுறையில் இருந்தார், எட்டு நாள் யாரும் தொடவில்லை. நான் துறையில் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே ஷேர் கோடு கொடுத்த இரண்டாம் நாளே, "என் பதிவு முழுமையாகிவிட்டதா?" என்று கல்லூரிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், நேரில் கேட்டாலும் எழுத்தில் ஒன்று இருக்கட்டும். சான்றுக் கடிதத்தில் ஊர் முகவரி, இங்குள்ள அறை முகவரி இரண்டும் இருக்க வேண்டும். என் முதல் கடிதத்தில் அறை எண் இல்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள், ஒரு நடை வீண். வாங்கும்போதே அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பில் கெடு தாண்டும் என்று தெரிந்தால், தாண்டும் முன்பே கணக்குப் பிரிவுக்கும் டியூட்டருக்கும் சேர்த்து எழுதிவிடுங்கள். உதவித்தொகைக் கடிதத்தை இணைத்து எழுதியதால் எனக்கு அபராதம் இல்லாமல் அவகாசம் கிடைத்தது. கெடு தாண்டிய பிறகு கேட்ட பக்கத்து அறைக்காரருக்குக் கிடைக்கவில்லை.

அந்த பில்லில் கிச்சன் ஃபிக்ஸட் சார்ஜ் என்று ஒரு வரி இருக்கலாம். பல கல்லூரிகளில் நீங்கள் டைனிங் ஹாலில் ஒரு வாய் சாப்பிடாவிட்டாலும் அது உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே வாடகையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

சமையல் நமக்குப் பெரிய விஷயம். 1914-இல் வந்த ராமானுஜன் டிரினிட்டி கல்லூரியின் வியூவெல் கோர்ட்டில் தன் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டார். இன்று அறைக்குள் ரைஸ் குக்கர் வைத்தாலே பெரும்பாலான கல்லூரிகளில் எடுத்துவைத்துவிடுவார்கள். ஜிப் என்று சொல்லும் பொதுச் சமையலறையில்தான் சமைக்க வேண்டும். பல ஜிப்களில் இரண்டு தட்டு அடுப்பும் மைக்ரோவேவும் மட்டும்தான் இருக்கும், ஓவன் இருக்காது. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் ஊரிலிருந்து தூக்கி வரும் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். நம் மின்சாரமும் இங்குள்ளதும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. 13 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள மாற்றி வாங்குங்கள், ஃபியூஸ் இல்லாத மலிவு மாற்றியைப் பரிசோதனையில் பறிமுதல் செய்கிறார்கள்.

தாளிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமையலறையில் பொதுவாக வெப்பம் அறியும் கருவி இருக்கும், அது கடுகுக்கும் மிளகாய்க்கும் கத்தாது. வெளியே நடைவழியில் இருப்பது புகை அறியும் கருவி. காற்று வரட்டும் என்று சமையலறைக் கதவைத் திறந்து வைத்து வரமிளகாய் கிள்ளிப் போட்டால், புகை நேராக அதற்குப் போய் முழுக் கட்டடமும் இரவு பத்து மணிக்குப் புல்வெளியில் நிற்கும். கதவைச் சாத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், விசிறியை முதலில் போட்டுவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள், பெருங்காயம் கடைசியில். இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட அலாரம் அடித்ததில்லை. பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் மில் ரோடு கடைகளில் கிடைக்கும், பெட்டியின் எடையை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

கல்லூரி விருந்துக்கும் விழாவுக்கும் போடும் நீண்ட மேலங்கியான கவுன் வாங்குபவர்கள் கவனிக்கவும்: வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வந்தவர்களுக்கு 24 வயதுக்குக் கீழ் ஒரு வகை, 24-உம் அதற்கு மேலும் வேறு வகை. எம்சிஆர் என்னும் ஆராய்ச்சி மாணவர் சங்கத்தில் பழையது பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். சில கல்லூரிகளில் கவுனே தேவையில்லை, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

களஆய்வுக்கு ஊருக்கு வர நினைப்பவர்கள், வெளியூரில் தங்கிப் பணிசெய்யப் பல்கலைக்கழக அனுமதி வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள். பிஎச்.டி. மாணவர்கள் கிரேட் செயின்ட் மேரீஸ் தேவாலயத்திலிருந்து 10 மைலுக்குள் வசிக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தில் வழிகாட்டி, துறை, கல்லூரி என்று வரிசையாக ஒப்புதல் வேண்டும். ஒருவர் மறந்தாலும் அது நின்றுவிடும், விசாவையும் பாதிக்கும். அறையைக் காலி செய்துவிட்டுப் போவதா, வாடகை கட்டிக்கொண்டே போவதா என்பதையும் கல்லூரியிடம் அப்போதே எழுதி வாங்குங்கள்.

சாவியோடு இன்வென்ட்ரி என்று ஒரு தாள் தருவார்கள். அறையில் உள்ள பொருள்களும் அவற்றின் நிலையும் அதில் இருக்கும். சில நாளில் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் எல்லாம் நல்ல நிலையில் இருந்ததாக அர்த்தம். பயணக் களைப்பில் அதை மேசையிலேயே விட்டுவிடுகிறார்கள். என் மேசையின் வலது மூலையில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி ஒரு கருகல், மெத்தையின் அடிப்பக்கத்தில் ஒரு கறை. இரண்டையும் படமெடுத்து, தாளில் எழுதி, அன்றைக்கே மின்னஞ்சலும் அனுப்பினேன். காலி செய்யும்போது அந்தக் கருகலுக்குத்தான் 85 பவுண்டு பிடிப்பதாகக் கடிதம் வந்தது. பழைய மின்னஞ்சலை அப்படியே திருப்பி அனுப்பினேன். நான்காம் நாள் முன்பணம் முழுவதும் கணக்கில் ஏறியது.